யாரும் தொடர்பு வைத்துக்கொள்ளக் கூடாது

காலை ஏழு மணிக்குப் பாண்டுரங்கன் கட்சிப் பத்திரிகையை விரித்தால்தான் சோழிக்குப்பத்துக்குப் பொழுது விடிந்ததாக அர்த்தம். ஷாஹுல் ஹமீதின் டீக்கடை பெஞ்சில் ஒரு காலை மடக்கி உட்கார்ந்து, தலைவரின் அறிக்கையில் தொடங்கி இரங்கல் செய்தி வரை ஒரு எழுத்து விடாமல் சத்தம் போட்டுப் படிப்பான். ஷாஹுல் ஹமீது எதிர்க்கட்சி. ஆனாலும் இருபத்தெட்டு வருஷமாக அவர் கடையில்தான் இந்த வாசிப்பு நடக்கிறது. "படிக்கட்டும் பாவம், அவுங்க கட்சில படிக்கத் தெரிஞ்சவன் இவன் ஒருத்தன்தான்" என்பார். பாண்டுரங்கன் கோபப்பட்டதில்லை. எதிர்க்கட்சிக்காரன் காதில் விழுவதுதான் அவனுக்கும் வேண்டியது.

டீக்கடைக்கு எதிரே, சாலையின் மறுபக்கத்தில் அவன் பெண்டாட்டி காவேரியின் மீன்கடை. கடை என்றால் ஒரு பலகை, ஒரு தெர்மாகோல் பெட்டி, ஒரு அரிவாள்மனை, வெயிலுக்கு மேலே இழுத்துக் கட்டிய பழைய மாநாட்டு பேனர். கரையில் ஏலம் எடுத்த மீனைக் கூடையில் கொண்டுவந்து அவள் பலகையில் அடுக்கும் நேரமும், புருஷன் தலையங்கத்தை முடிக்கும் நேரமும் ஒன்றாக இருக்கும். பாதி காதில் விழும், பாதி பஸ் சத்தத்தில் போய்விடும்.

அன்றைக்கு ஐந்தாம் பக்கத்தில் அவன் குரல் நின்றது.

சங்கரா மீனுக்குச் செதில் சீவிக்கொண்டிருந்த காவேரி நிமிர்ந்து பார்த்தாள். பாண்டுரங்கன் பத்திரிகையை நாலாக மடித்து பெஞ்சில் வைத்தான். டீயில் பாதி அப்படியே இருந்தது. அவள் பக்கம் திரும்பாமல் கடற்கரைப் பக்கம் நடந்து போனான்.

ஷாஹுல் ஹமீது பத்திரிகையை எடுத்துக்கொண்டு சாலையைக் கடந்து வந்தார். "காவேரிம்மா, பேப்பர்ல உன் பேரு வந்துகீது" என்று கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார்.

"கட்சியின் கட்டுப்பாட்டை மீறி, மாநகராட்சித் தேர்தலில் கூட்டணி வேட்பாளரை எதிர்த்துப் போட்டியிடும் பா. காவேரி, அடிப்படை உறுப்பினர் பொறுப்பு உட்பட அனைத்துப் பொறுப்புகளிலிருந்தும் நீக்கிவைக்கப்படுகிறார். கட்சியினர் யாரும் அவருடன் எவ்விதத் தொடர்பும் வைத்துக்கொள்ளக் கூடாது."

பக்கத்துப் பலகையில் நெத்திலி விற்கும் ஜெசிந்தா விழுந்து விழுந்து சிரித்தாள். "யாரும்னா? அப்ப எங்க மாமா? அவுரும் கட்சிதானே? இனிமே உன்னாண்ட சோறு கேக்கக் கூடாதா யக்கா?"

"சோத்துக்குக் கூடவாடி தடை போடுவாங்க?" என்று காவேரியும் சிரித்தாள். மீன் வாங்க வந்த மயிலாப்பூர் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் என்ன ஏது என்று தெரியாமலே கூடச் சிரித்தார். அன்றைக்கு அப்படிச் சிரித்ததை நினைத்துப் பின்னால் அவள் தன்னையே எத்தனையோ முறை திட்டிக்கொண்டாள்.

கட்சிக்கும் காவேரிக்கும் இருபத்திரண்டு வருஷப் பழக்கம். கல்யாணமாகி வந்த புதிதில் அவள் வாசல் தாண்டிப் பேசாதவள். மகளிரணிக்கு ஆள் குறைகிறது என்று பாண்டுரங்கன்தான் ஒரு கூட்டத்துக்குக் கூட்டிப்போனான். மேடையில் ஒருத்தர் மைக்கை நீட்ட, "எங்க குப்பத்துக்குத் தண்ணி லாரி வர்றதே இல்லீங்க" என்று சொல்லிவிட்டு அழுதுவிட்டாள். மறுநாளே லாரி வந்தது. பேசினால் லாரி வரும் என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டாள். அதற்கப்புறம் அவள் வாயை யாராலும் மூட முடியவில்லை. ரேஷன் கார்டு, முதியோர் பென்ஷன், பள்ளிக்கூடத்தில் இடம் என்று எதற்கும் குப்பம் அவளைத்தான் கூப்பிட்டது. சுனாமி வந்தபோது அரசாங்கம் வருவதற்கு முன்னால் கட்சிக்காரன் அரிசி மூட்டையோடு வந்தான். ராயப்பேட்டை ஆஸ்பத்திரியில் அவளுக்கு வயிற்றில் ஆபரேஷன் ஆனபோது ரத்தம் கொடுத்த நாலு பேரும் கட்சிக்காரர்கள். இதையெல்லாம் மறப்பவள் இல்லை காவேரி.

இரண்டு வருஷமாகக் குப்பத்துக் குழாயில் சாக்கடை கலந்து தண்ணீர் கறுப்பாக வந்தது. மனு கொடுத்துக் கொடுத்து ஓய்ந்துபோயிருந்தாள். அந்த நேரம் பார்த்துக் குப்பத்துக் கவுன்சிலர் வட்டத்தைப் பெண்களுக்கு ஒதுக்கினார்கள். எல்லார் கண்ணும் அவள் பக்கம் திரும்பியது. விருப்ப மனு கொடுத்தாள். தி.நகர் கல்யாண மண்டபத்தில் நேர்காணலுக்குக் கூப்பிட்டு, "உனக்குக் குடுக்காம யாருக்கும்மா குடுக்கப் போறோம்" என்று சிரித்தார்கள். நாலாம் நாள் பட்டியல் வந்தது. அந்த வட்டத்தைக் கூட்டணிக் கட்சிக்கு விட்டுக்கொடுத்திருந்தார்கள். அவர்கள் நிறுத்திய அம்மாள் அடையாறில் மாடி வீட்டுக்காரி. குப்பத்துக்கு எந்தச் சந்தில் நுழைய வேண்டும் என்பதே தெரியாது.

பட்டியலைப் பார்த்துப் பாண்டுரங்கன்தான் முதலில் கொதித்தான். "நில்லுமே. சுயேச்சையா நில்லு. நான் கீறேன்" என்றான். வேட்புமனுவை அவனே உட்கார்ந்து அழகாக நிரப்பினான். முன்மொழிபவர் என்ற இடம் வந்ததும் பேனாவை மூடினான். "என் கையெய்த்து இருந்தா என்னியும் தூக்கிடுவாங்க. உள்ள இருந்துக்கினு உனக்கு வேலை செய்றேன்" என்றான். ஜெசிந்தா கையெழுத்துப் போட்டாள். சின்னமாக இஸ்திரிப் பெட்டி கிடைத்தது.

மத்தியானம் காவேரி வீட்டுக்கு வந்தபோது பாண்டுரங்கன் பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தான். கட்சிக் கரை போட்ட வேட்டி இரண்டு, சட்டை இரண்டு, பிரஷர் மாத்திரை.

"இன்னாய்யா இது? எங்க கெளம்பிட்ட?"

"கட்சி மன்றத்துல படுத்துக்கிறேன்மே. எலெக்ஷன் முடியற வரிக்கும்."

காவேரி கூடையைக் கீழே வைத்தாள். "எதுக்கு?"

"பேப்பர் பாத்தல்ல?"

"பாத்தேன். பாய் படிச்சிக் காட்டினாரு. அது சும்மா எய்துறதுய்யா."

"சும்மாவா? தலைமைக் கழகத்துல இருந்து வர்றது சும்மாவா? மாவட்டம் போன் பண்ணிச்சு." மாவட்டம் என்றால் மாவட்டச் செயலாளர் தங்கவேல். "'பாண்டு, நீ அவளாண்ட இருந்தா உன்னியும் தூக்க வேண்டியதாப் பூடும், தனியா போயிடு'ன்னு சொல்லிச்சு. நான் இன்னா பண்றது?"

"அந்த ஆளு அப்டியா சொன்னாரு?"

"அப்டித்தான் சொன்னாரு."

காவேரி அடுப்பைப் பற்றவைத்தாள். கரைத்து வைத்த புளியைச் சட்டியில் ஊற்றி, மிளகாய்த்தூள் போட்டாள். கை பாட்டுக்கு வேலை செய்தது. குழம்பு கொதிக்கிற வரைக்கும் அவனும் பையைத் தூக்கவில்லை.

"நீதானய்யா நில்லுன்ன" என்றாள்.

"சொன்னேன். ஆத்திரத்துல சொன்னேன். இப்ப யோசிச்சிப் பாத்தா கட்சி சொல்றதும் ஒரு ஞாயம்தான். ஆளாளுக்கு நான் நீன்னு நின்னா கட்சின்னு ஒண்ணு எதுக்கு? தனியா நின்னா யாரு மதிப்பான்? உனக்கு மேடை குடுத்தது யாரு? மைக்கு குடுத்தது யாரு? ரத்தம் குடுத்தது யாரு?"

"நான் இல்லன்னனா? கட்சி இல்லன்னா இன்னிக்கிம் நான் வாசப்படில நின்னுக்கினு இருப்பேன். அத்த நானே மேடைல சொல்லிக்கீறேன். ஆனா வாயக் குடுத்தவனே, 'நான் சொல்றப்ப தொற, நான் சொல்றப்ப மூடு'ன்னா இன்னாய்யா அர்த்தம்? கறுப்புத் தண்ணி அடையாறுக்கா போவுது? நம்ம வூட்டுக்குத்தான வருது? எவனோ நாலு பேரு ரூம்ல குந்திக்கினு, இந்தா இது உனக்கு, இது எனக்குன்னு பங்கு பிரிச்சிக்கினா, நான் கம்முனு இருக்கணுமா?"

"பெரிய கணக்குமே அது. நமக்குப் புரியாது."

"எனக்குப் புரியவேணாம். உனக்குப் புரிஞ்சா போதும். நீ போவாத."

அவன் வாசலைப் பார்த்தான். "பத்து நாளு தானே. முடிஞ்சதும் ஒரு மன்னிப்பு லெட்டர் குடுத்தா திரும்ப சேத்துப்பாங்க. எத்தினி பேர சேத்துக்கீறாங்க! அப்பால நானும் வந்துர்றேன். முப்பது வருசம்மே. வட்டப் பிரதிநிதின்னு எழுதுன ஒரு கார்டு கீது என்னாண்ட. அதுவும் பூட்டா நான் யாரு?"

"என் புருசன்" என்றாள் காவேரி.

அவன் பையை இழுத்து மூடினான். தட்டில் சோறு போட்டு, குழம்பில் நடுத்துண்டாகப் பார்த்து வைத்தாள். உட்கார்ந்து முழுவதும் சாப்பிட்டான். கை கழுவினான். பையை எடுத்துக்கொண்டு போனான். சாப்பிட்டுவிட்டுப் போனதுதான் அவளுக்கு அதிகமாக வலித்தது. பட்டினியாகக் கிளம்பியிருந்தால் அவனுக்கும் மனசு கஷ்டம் என்று நினைத்துக்கொண்டிருப்பாள்.

அந்தப் பத்து நாளும் மாசிப் பனி. விடிகாலையில் படகு கரைக்கு வருவதுகூடத் தெரியாது, எஞ்சின் சத்தம் மட்டும் கேட்கும். காவேரி ஏலம் எடுத்து, ஒன்பது மணிக்குள் விற்று முடித்து, கவிச்சி வாசனையோடு ஓட்டுக் கேட்கப் போனாள். ஜெசிந்தா தன் வீட்டு இஸ்திரிப் பெட்டியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். "மீனு வெட்டறவளுக்கு இஸ்திரிப் பெட்டி குடுத்தானுங்க பாரு, அந்த அக்கிரமத்துக்காவது ஓட்டு போடுங்க" என்று அவள் கத்தினால் மாடவீதிப் பக்கத்து மாமிகள்கூட ஜன்னலைத் திறந்து பார்த்தார்கள். ஒரு மாமி, "எங்காத்து வாசல்ல கூடத் தண்ணி அப்படித்தான் வரது, கேக்கறதுக்கு நாதியில்லை" என்று படியிறங்கி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஆள் பலம்தான் இல்லை. நூறு கொடி கட்ட ஒரு கை வேண்டும், ஆட்டோவில் மைக் கட்டத் தெரிந்த ஆள் வேண்டும், வாக்காளர் பட்டியலைப் பிரித்துத் தெருத் தெருவாகக் கொடுக்க வேண்டும். இத்தனை வருஷமும் இதெல்லாம் தானாக நடப்பதாகக் காவேரி நினைத்திருந்தாள். கட்சி என்றால் என்ன என்பது கட்சியை விட்டு வெளியே வந்த பிறகுதான் முழுசாகத் தெரிந்தது.

பாண்டுரங்கன் அந்த அடையாறு அம்மாளின் ஆட்டோவில் முன்சீட்டில் உட்கார்ந்து போவான். மீன்கடையைத் தாண்டும்போது மட்டும் எதிர்ப்பக்கம் பார்ப்பான். மன்றத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் பத்து வீடுதான். ஒரு நாள் அவன் இருமும் சத்தம் கேட்டு, காவேரி மிளகு ரசம் வைத்து ஜெசிந்தாவிடம் கொடுத்தனுப்பினாள். தூக்குப் பாத்திரம் அப்படியே திரும்பி வந்தது.

"வேணாமாம் யக்கா. தொடர்பு ஆயிடுமாம்" என்றாள் ஜெசிந்தா. இந்த முறை அவள் சிரிக்கவில்லை.

"அவரு இன்னா பண்ணுவாரு, மாவட்டம் சொல்லிடுச்சே" என்றாள் காவேரி. பத்து நாளும் அவள் இதையே சொன்னாள். கேட்டவர்களுக்கும் சொன்னாள், ராத்திரி தனக்கும் சொல்லிக்கொண்டாள். தங்கவேலுவைத் திட்டித் திட்டித்தான் புருஷனைக் காப்பாற்றி வைத்திருந்தாள்.

தேர்தலுக்கு முந்தின நாள் பூத் சிலிப் கொடுத்துக்கொண்டு பாண்டுரங்கன் அந்தத் தெருவுக்குள் வந்தான். ஒவ்வொரு வாசலிலும் நின்று பேர் சொல்லிக் கூப்பிட்டு, வயசானவர்களிடம் எந்த ரூம், எந்த வரிசை என்று இரண்டு தரம் சொல்லிக் கொடுத்தான். அந்த வேலையில் அவனை மிஞ்ச ஆளில்லை. காவேரி உள்ளே விளக்கைப் போட்டுக்கொண்டு காத்திருந்தாள். பக்கத்து வீட்டில் அவன் குரல் கேட்டது. அப்புறம் கதவிடுக்கில் ஒரு காகிதம் நுழைந்து கீழே விழுந்தது. அவள் எழுந்து கதவைத் திறப்பதற்குள் அடுத்த வீட்டு வாசலில் "யம்மா, சிலிப்பு" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான். காகிதத்தில் அவன் கையெழுத்தில், காவேரி, கணவர் பாண்டுரங்கன் என்று எழுதியிருந்தது.

காவேரி நூற்று நாற்பத்தோரு ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தாள்.

வாக்கு எண்ணும் இடத்திலிருந்து மாலையோடு குப்பத்துக்கு வந்து சேர்ந்தபோது வெடிச் சத்தத்தில் காது கிழிந்தது. ஷாஹுல் ஹமீது எல்லாருக்கும் டீ கொடுத்துவிட்டு அவளை ஓரமாகக் கூப்பிட்டார். "காவேரிம்மா, சந்தோசம். ஆனா அங்க கார்ப்பரேஷன்ல இருநூறு பேரு. நீ மட்டும் தனியா குந்திக்கினு இருப்ப. இஞ்சினீரு உன் போன எடுக்க மாட்டான். உங்காளுங்க வருவாங்க, பாரேன். எங்காளுங்களும் வருவாங்க. யாராண்ட போனாலும் மொதல்ல பைப்பைக் கேளு, அப்பால சால்வையைப் போட்டுக்க."

மறுநாள் காலை பத்து மணிக்குத் தங்கவேலுவின் கார் வந்தது. முன்சீட்டிலிருந்து முதலில் இறங்கியவன் பாண்டுரங்கன். தலைக்கு எண்ணெய் வைத்து, கரை வேட்டி கட்டி, கையில் ஒரு சால்வையும் ஒரு கவரும் வைத்திருந்தான். முகத்தில் பத்து நாள் இல்லாத வெளிச்சம். "நான் சொல்லல?" என்பது போலக் காவேரியைப் பார்த்தான். அவனைப் பார்த்ததும் அவளுக்கும் நெஞ்சு இளகத்தான் செய்தது. அவன் சட்டை கசங்கியிருந்தது, கன்னம் ஒட்டியிருந்தது.

"இன்னா தங்கச்சி, அண்ணன் மேல கோவமா?" என்று தங்கவேல் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "மேல பேசிட்டேன். ஒரு வருத்தக் கடிதம் குடுத்தா போதும், நாளைக்கே சேத்துக்கினதா பேப்பர்ல வந்துரும். பாண்டுவே எய்திகினு வந்துட்டான், நீ கையெய்த்து மட்டும் போடு."

கவரைப் பிரித்தாள். "அறியாமல் செய்த தவறுக்கு" என்று ஆரம்பித்திருந்தது. எழுத்து முத்து முத்தாக இருந்தது.

"கையெய்த்து போடறேன்ணே. மொதல்ல எங்க பைப்பு. மூணு மாசத்துல புதுசு போடணும். எல்லார் முன்னாடியும் சொல்லுங்க."

"போட்டுரலாம்" என்றார் தங்கவேல். குப்பமே சுற்றி நின்று கேட்டது.

காவேரி பேனாவைக் கையில் எடுத்தாள். அப்போதும் மனசு ஆறவில்லை. "எல்லாம் சர்தாண்ணே. கட்சில இருந்து நீக்குனீங்க, ஒத்துக்கினேன். ஆனா கட்டுன புருசனைப் போன் போட்டு வூட்ட வுட்டுப் போவச் சொன்னீங்களே, அது நல்லா இருக்காண்ணே?"

தங்கவேல் விழித்தார். "யாரு? நானா?"

"'தனியா போயிடு, இல்லன்னா உன்னியும் தூக்கிடுவேன்'னு சொன்னீங்களாமே."

"நான் எங்கம்மா போன் பண்ணேன்? எலெக்ஷன் நேரத்துல எனக்கு இதான் வேலையா?" அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பேப்பர்ல போட்டதைச் சொல்றியா? ஆபீஸ்ல டைப் அடிக்கிறவன் எல்லா நீக்கத்துக்கும் கடைசில அதையேதான் அடிப்பான். யாரு அதைப் பாத்துக்கினு வூட்ட வுட்டுப் போவாங்க? எங்க மச்சானை ரெண்டு வாட்டி நீக்கிக்கீறோம். ஞாயித்துக்கெழம ஆனா எங்க வூட்லதான் குந்திக்கினு பிரியாணி துன்றான். பாண்டு உன்னாண்ட இல்லன்னே எனக்குத் தெரியாதேம்மா."

கூட்டத்தில் யாரோ சிரித்து, உடனே நிறுத்திக்கொண்டார்கள். காவேரி பாண்டுரங்கனைப் பார்த்தாள். அவன் சால்வையின் மடிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தான்.

அவள் குனிந்து கையெழுத்துப் போட்டாள். தங்கவேல் சால்வை போர்த்தினார். போட்டோ எடுத்தார்கள். கார் போனது, கூட்டமும் கலைந்தது. பாண்டுரங்கன் மன்றத்துக்குப் போய்ப் பையை எடுத்துக்கொண்டு வந்து வாசலில் செருப்பைக் கழற்றினான்.

"செருப்பை மாட்டிக்கோ" என்றாள் காவேரி.

"இன்னாமே... அதான் லெட்டர் குடுத்தாச்சே. பயந்துட்டேன்மே. கார்டு பூடும்னு பயந்துட்டேன். உன்னாண்ட சொன்னா சிரிப்ப. அதான் அவரு பேரச் சொன்னேன்."

"கட்சிக்கு நான் நூறு லெட்டர் எய்துவேன்யா. இன்னிக்கித் தள்ளும், நாளைக்கி மாலை போடும். அது அப்டித்தான்னு எனக்குத் தெரியும். அதுங்கிட்ட எனக்கு ஆவ வேண்டியது பைப்பு. உன்னாண்ட நான் இன்னா கேட்டேன்? போவாதன்னேன். அவ்ளோதானே கேட்டேன்? உன்னைப் போவச் சொல்லி ஒருத்தனும் சொல்லலியேய்யா!" பத்து நாள் அழாததையெல்லாம் சேர்த்து அழுதாள். அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு கதவைச் சாத்தினாள். அவன் செருப்பை மாட்டிக்கொண்டு மன்றத்துக்கே திரும்பிப் போனான்.

அடுத்த நாள் காலை ஏழு மணி. காவேரி பலகையில் காரப்பொடி மீனை அடுக்கிக்கொண்டிருந்தாள். பதவியேற்க இன்னும் மூன்று நாள் இருந்தது. எதிரே டீக்கடை பெஞ்சில் பத்திரிகை விரியும் சத்தம். பாண்டுரங்கன் மற்ற பக்கங்களையெல்லாம் தள்ளிவிட்டு நேராக ஐந்தாம் பக்கத்துக்குப் போனான். பஸ் சத்தத்தையும் தாண்டிக் கேட்கும்படி படித்தான்.

"தமது செயலுக்கு வருத்தம் தெரிவித்துக் கடிதம் அளித்ததன் பேரில், பா. காவேரி இன்று முதல் கட்சியில் மீண்டும் சேர்த்துக்கொள்ளப்படுகிறார். கட்சியினர் அனைவரும் அவருடன் இணைந்து செயல்படுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்."

கடைசி வாக்கியத்தை இன்னொரு முறை படித்தான். ஷாஹுல் ஹமீது பாய்லர் பக்கம் திரும்பிக்கொண்டார். பாண்டுரங்கன் பத்திரிகையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சாலையைக் கடந்து வந்து, பலகைக்கு முன்னால் நின்றான். ஜெசிந்தா தன் கூடையை இழுத்துக்கொண்டு கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"காவேரி" என்றான். "பேப்பர்ல வந்துட்சி."

காவேரி அரிவாள்மனையைக் கழுவி வைத்தாள். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, கடைக்கு வரும் எந்த ஆளையும் பார்ப்பதுபோல் அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"சொல்லுங்க, இன்னா மீனு வேணும்?"